வஸ்திர அலமாரிக்கு 120 துளை

 

சாமி வஸ்திரம் வைக்கிற புது அலமாரி எப்போ தயாராகும்னு நிறைய பேர் கேட்டுட்டாங்க. பலகை வேலை முடிஞ்சது. 6 கதவு, 4 லாச்சி. பித்தளைக் கீலும் லாச்சி ஸ்லைடும் வந்தாச்சு. மாட்டுறதுதான் பாக்கி. "ஸ்குரு முடுக்குறது அரை நாள் வேலை. அதுக்குத் தனியா ஒரு டிரில் பிட் எதுக்கு? உபயப் பணத்தை ஏன் அதுல போடணும்?"னு பெரியவர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. மத்தவங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கும், அதனால எல்லாருக்குமா எழுதுறோம்.

பழைய அலமாரியை ஞாபகம் இருக்கும். கூலிக்கு வந்த ஒருத்தர் மாட்டின கதவு அது. ஸ்குரு கோணலா இறங்கி, தலை துருத்திக்கிட்டு நின்னுச்சு. கதவு கடைசிவரை மூடவே இல்லை. அந்த இடுக்கு வழியா எலி போய், ஒரு அம்மா நேர்த்திக்கடனா கொடுத்த பட்டுப் புடவையைக் கடிச்சிருச்சு. அந்த அம்மா யாரையும் குறை சொல்லல. "அம்பாளுக்குக் கொடுத்தது, அவ பார்த்துக்குவா"ன்னு மட்டும் சொன்னாங்க. நமக்குத்தான் மனசு ஆறல.

ஸ்குரு ஏன் கோணலா போகுது? கீலோட ஓட்டை வாய் கூம்பு மாதிரி சரிஞ்சிருக்கும், ஸ்குரு தலை உட்காருறதுக்காக. அதோட சரியான நடுவுல துளை விழுந்தா தலை கீலோட மட்டமா படியும். கொஞ்சம் தள்ளி விழுந்தா, முடுக்கும்போது ஸ்குரு கீலையே ஒரு பக்கமா இழுத்துடும். கணக்குப் போட்டுப் பாருங்க. மேல் கீலுக்கும் கீழ் கீலுக்கும் நடுவே 500 மி.மீ., கதவு அகலம் 450 மி.மீ. மேல் கீல் 1 மி.மீ. நகர்ந்தா, கதவோட எதிர் ஓரம் ஏறக்குறைய அதே 1 மி.மீ. தொங்கும். ஜோடிக் கதவுல ரெண்டும் தொங்கினா, ஒண்ணை ஒண்ணு இடிக்கும்.

நம்ம பலகை ரப்பர் மரம். நம்ம பாட்டன் பூட்டன் பால் வெட்டின மரம்தான். 1890-களின் கடைசியில டான் சே யான் புக்கிட் லிந்தாங்கிலும், அப்புறம் நம்ம பக்கத்து ஆசாகானிலும் ரப்பர் நட்டதுல இருந்துதான் மலாக்காவுல ரப்பர் தோட்டக் கதையே ஆரம்பிக்குது. அந்தக் காலத்துல பால் வற்றின மரம் விறகாத்தான் போச்சு. இப்போ பக்கத்து மூவார்ல அது மேசை நாற்காலி ஆகுது. ஆனா ரப்பர் பலகை ஒரே துண்டா வராது, சின்னச் சின்னத் துண்டா ஒட்டி வரும். சாதாரண டிரில் பிட்டை வெச்சா, அதோட நுனி பசைக்கோடு பக்கமோ இளசான ரேகை பக்கமோ வழுக்கி ஓடும். கை எவ்வளவு உறுதியா இருந்தாலும் ஓடும்.

செல்ஃப் சென்டரிங் பிட் அந்த ஓட்டத்தைத் தடுக்கும். ஹார்டுவேர் கடையில விக்ஸ் பிட்டுன்னும் சொல்வாங்க (தலைவலித் தைலம் இல்லீங்க!). வெளியில ஒரு குழாய், அதுக்கு ஸ்பிரிங், உள்ளே டிரில் பிட். குழாயோட மூக்கு கூம்பா இருக்கும். அதைக் கீல் ஓட்டையில வெச்சு அமுக்கினா, கூம்புக்குள்ள கூம்பு உட்கார்ந்து தானா நடுவைப் பிடிச்சுக்கும். அப்புறம்தான் உள்ளே இருக்கிற பிட் இறங்கும்.

வாங்கும்போது ஸ்குருவையும் கீலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. 4 நம்பர் ஸ்குருவுக்கு 2 மி.மீ. பிட், 6 நம்பருக்கு 2.75 மி.மீ. பெட்டியில 8, 10 நம்பருக்கு 3.5 மி.மீ.னு போட்டிருக்கும். ஆனா இளசான மரத்துல 8 நம்பருக்கு அது தளர்வு, 2.75 போதும். செங்கால் மாதிரி கெட்டி மரத்துல சின்னத் துளை போட்டா ஸ்குரு பாதியிலேயே ஒடியும், அங்கே 3.5 வேணும். 5 மி.மீ. பிட்டும் அதே பெட்டியில வரும். அது தட்டு தாங்குற ஆணித் துளைக்கு, கீல் ஸ்குருவுக்கு இல்லை.

அளவு சரியா இருந்தா மட்டும் போதாது. மூக்கைக் கீல் ஓட்டையில வெச்சுப் பாருங்க. மூக்கு பெருசா இருந்தா வாய்க்கு மேலேயே நிற்கும், சின்னதா இருந்தா உள்ளே ஆடும். ரெண்டுலயும் நடு கிடைக்காது. குழாயை விரலால அமுக்கி விடுங்க, சிக்காம சட்டுனு திரும்பி வரணும். உள் பிட்டைப் பிடிக்கிற சின்ன ஸ்குரு இருக்கான்னு பாருங்க. இருந்தா, மழுங்கின பிட்டை மட்டும் மாத்திக்கலாம். மலிவா கிடைக்கிறதுல சிலது ஒட்டி வெச்ச மாதிரி இருக்கும், மழுங்கினா மொத்தமா குப்பைதான்.

லாச்சி ஸ்லைடுல ஒரு விஷயம் கவனிக்கணும். அதுல நீள ஓட்டையும் இருக்கும், வட்ட ஓட்டையும் இருக்கும். நீள ஓட்டையில இந்த பிட்டால நீளவாக்கு நடுவைப் பிடிக்க முடியாது. அதனால முதல்ல நீள ஓட்டையில கண் அளவா ஸ்குரு போட்டு, லாச்சியை இழுத்துத் தள்ளி, ஓட்டம் சரியான பிறகு வட்ட ஓட்டையில இந்த பிட்டை வெச்சுத் துளை போடணும். அது நிரந்தரப் பிடி.

பித்தளை ஸ்குரு மெத்து. முதல்ல அதே அளவு இரும்பு ஸ்குருவை முடுக்கிக் கழட்டிட்டு, அந்த வழியில மெழுகு தடவின பித்தளை ஸ்குருவைக் கையால முடுக்குங்க. டிரில்லை நேரா, செங்குத்தாப் பிடிக்கணும். இந்த பிட் நடுவைப் பிடிக்கும், சாய்வைத் திருத்தாது. சுத்தியல் மோடு வேண்டவே வேண்டாம். நாலஞ்சு துளைக்கு ஒரு தடவை குழாய்க்குள்ள சிக்கின தூளைத் தட்டி விடுங்க. முதல் துளையை ஒரு கழிவுத் துண்டுல போட்டு ஆழம் பார்த்துக்கணும், பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்திடக்கூடாது.

இப்போ பெரியவர் கேட்ட கேள்விக்கு வர்றோம். ஒரு கதவுக்கு 2 கீல், ஒரு கீலுக்கு 6 ஸ்குரு, 6 கதவுக்கு 72. லாச்சிக்கு 8 ஸ்லைடு, ஒண்ணுக்கு 6 ஸ்குரு, அது 48. ஆக 120 துளை. நல்ல ஆசாரி ஒருத்தர் இருந்தா ஆணியால குத்தி அடையாளம் வெச்சே நேரா போட்டுடுவார். ஆனா தோட்டத்துல இருந்த ஆசாரிங்க எல்லாம் இப்போ இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங்குக்கு வர்றது படிக்கிற பிள்ளைங்களும், வாரமெல்லாம் வேலை செஞ்சு களைச்ச தம்பிங்களும்தான். எங்க தொழிற்சாலையில புது ஆள் சேர்ந்தா கையில ஜிக் கொடுப்போம். முதல் நாளே அவன் போடுற துளையும் பழைய ஆள் போடுற துளையும் ஒரே இடத்துல விழும். "நீ தள்ளி நில்லு, கெடுத்துடுவே"ன்னு யாரையும் சொல்ல வேண்டியதில்லை. கோயில்லயும் அப்படிச் சொல்ல எங்களுக்கு மனசில்லை. ஒரு தடவை தள்ளி நிக்கச் சொன்னா அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. இந்தச் செலவு அதுக்காகவும்தான்.

மலாக்கா டவுன்ல 1781-ஆம் வருஷத்துப் பொய்யாத விநாயகர் கோயில் ஜாலான் துக்காங் எமாஸ்ல இருக்கு. பொற்கொல்லர் தெரு. பக்கத்துலயே ஜாலான் துக்காங் பெசி, கொல்லர் தெரு. கைவேலைக்காரங்க நடுவுலதான் அந்தப் பிள்ளையாரே உட்கார்ந்திருக்கார். நம்ம கோயில்லயும் கைவேலை தெரிஞ்ச பிள்ளைங்க நாலு பேராவது உருவாகட்டும்.

வர்ற ஞாயிறு காலைப் பூஜை முடிஞ்சதும் வேலை ஆரம்பம். டிரில் வெச்சிருக்கிறவங்க கொண்டு வாங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க, ஆளுக்கு ஒரு கீல் கொடுப்போம். காலைப் பசியாறல் கோயில்ல. இதை முடிச்சிட்டு அடுத்தது மடப்பள்ளி செங்கால் கதவு, அதுக்கும் இதே பிட் பெட்டிதான். இந்த வருஷ ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டியும் அம்பாள் முன்னாடி இருக்கும்.

அம்பாள் துணை.