வழக்கொழிந்த தோட்டா

கென்னத் ஆண்டர்சனின் வேட்டை நூல்களைப் பள்ளி வயதில் படித்தவர்களுக்கு ஓர் எண் மறந்திருக்காது. .405. ஜவளகிரியிலும் பென்னாகரத்திலும் ஆட்கொல்லிகளுக்காக இரவெல்லாம் பரணில் விழித்திருந்த அந்த மனிதரின் மடியில் கிடந்தது .405 வின்செஸ்டர். எங்கள் இருவரையும் திருமணத்துக்கு முன்பே பேசவைத்த நூல்களில் அவருடையவையும் உண்டு. ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு கிளை நூலகத்தில் படித்திருந்தோம். அந்த எண் எதை அளப்பது என்பது இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. எங்கள் ஊர்களில் துப்பாக்கி வைத்திருந்தவர் வங்கி வாசலில் அமர்ந்திருக்கும் காவலர் மட்டுமே. அவரிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, மேற்குப் பென்சில்வேனியாவில், பழைய துப்பாக்கிகளை விற்கும் சந்தை ஒன்றில் அந்த எண்ணைக் குழலின் மீது பொறித்திருக்கக் கண்டோம். மேசைக்குப் பின்னால் இருந்த முதியவர் விலையைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். தோட்டாவுக்கு என்ன செய்வீர்கள்? எங்களிடம் விடை இல்லை. இருந்தும் வாங்கினோம். பச்சை அட்டை கிடைத்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்ததால் சட்டச் சிக்கல் ஏதுமில்லை. சிக்கல் அவர் கேட்டதில்தான் இருந்தது.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895 ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிக்காக வின்செஸ்டர் நிறுவனம் இந்தத் தோட்டாவை 1904 இல் கொண்டுவந்தது. தியோடர் ரூஸ்வெல்ட் 1909 இல் ஆப்பிரிக்காவுக்குச் சென்றபோது எடுத்துப் போனவற்றுள் இதுவும் ஒன்று. அதன் பிறகு இதனினும் விரைவும் தொலைவும் கூடிய தோட்டாக்கள் வந்துவிட, இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே இது வழக்கிலிருந்து விலகத் தொடங்கியது. ஆண்டர்சன் தம் கதைகளை நூலாக்கிய 1954 இல் அவர் கையிலிருந்தது ஏற்கெனவே மூப்படைந்த ஒரு கருவி. இதை அறிந்தபோது எங்களுக்கு அவர்மீதான மதிப்பு கூடியதா, இரக்கம் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வாங்கிய பின்னர்தான் காலிபர் என்னும் எண்களின் உலகுக்குள் நுழைந்தோம். அது பொய்கள் நிறைந்த உலகம். .405 என்றால் குண்டின் விட்டம் அங்குலத்தில் .405 இருக்க வேண்டும் அல்லவா? இல்லை; .411. நம் காவல்துறையினர் நெடுங்காலம் தோளில் சுமந்த .303 இன் குண்டு உண்மையில் .311. .38 எனப்படுவது .357. குழலின் உட்புறத்து மரைப்பள்ளத்தை அளந்து பெயரிட்டவர்கள் உண்டு, மேட்டை அளந்தவர்கள் உண்டு, பழைய வழக்கத்தை விட மனமின்றிப் பெயரை மட்டும் காப்பாற்றி வந்தவர்களும் உண்டு. .30-06 இல் பின்னால் வருவது 1906 என்னும் ஆண்டு. .30-30 இல் பின்னால் வருவதோ மருந்தின் எடை. இடுகுறிப் பெயருக்கும் காரணப் பெயருக்கும் வேறுபாடு படித்த நமக்கு இது அவ்வளவு அந்நியமன்று.

சில எண்கள் அச்சத்தில் பிறந்தவை. ராணுவத்தின் .450 தோட்டாக்களும் குண்டுகளும் கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய பிரித்தானிய அரசு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் காலிபரை இந்தியாவிலும் சூடானிலும் தடை செய்தது. லண்டன் துப்பாக்கி வினைஞர்கள் உடனே .470, .465 என்று சற்றே தள்ளிய அளவுகளைச் செய்து சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். விடுதலைக்குப் பிறகும் ராணுவத்தின் .303 பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால்தான் இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 நம் உழவர்களிடமும் தோட்டக்காரர்களிடமும் வந்து சேர்ந்தது. வேறெங்கும் அரிதான ஓர் அளவு இந்தியாவில் மட்டும் சாதாரணமாகிப் போனதற்கு வேட்டைத் தேவை எதுவும் காரணமில்லை.

தோட்டாவுக்கு வருவோம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்னடி நிறுவனம் .405 க்கு மறுவாழ்வு தந்தது என்றாலும் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் பொருளன்று அது. எப்போதாவது ஒரு தொகுதி வரும், தீரும். மூன்று பெட்டிகள் கிடைத்தன. பெட்டிக்கு 20 வீதம் 60. அந்த அறுபது பித்தளைக் கூடுகளை வைத்துக்கொண்டு எங்கள் நிலவறையில் ஒரு சிறு பட்டறை அமைத்தோம்.

சுட்டு முடித்த கூட்டின் அடியிலிருந்து பழைய பிரைமரை வெளியேற்ற வேண்டும். வாயு அழுத்தத்தில் விரிந்த கூட்டை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வாயை இம்மியளவு அகட்டி, புதிய பிரைமரைப் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை அமர்த்தி, வாயைத் திரும்ப இறுக்க வேண்டும். நிறுவை கிரெய்ன் கணக்கில். ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. வாற்கோதுமை மணியொன்றின் எடையிலிருந்து வந்த அளவு. பொற்கொல்லரின் குன்றிமணியை அறிந்தவர்கள் நாம். தராசின் முன் மூச்சை அடக்குவது எங்களுக்கு எளிதில் வந்தது. ஒருவர் நிறுத்துச் சொல்ல, மற்றவர் சரிபார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவோம். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு தோட்டாக்கள். அந்த நேரத்தில் வீட்டுக் கடனைப் பற்றியோ ஊரிலுள்ள பெற்றோரின் உடல்நிலை பற்றியோ நாங்கள் பேசியதில்லை. மருந்தின் அளவில் தவறினால் முகத்துக்கு அருகில் வெடிக்கும் என்னும் அச்சம் வேறெந்தப் பேச்சையும் அனுமதிக்காது. எங்கள் மணவாழ்வின் மிக அமைதியான மாலைகள் அவைதாம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஞாயிறு காலையில் சுடுகளத்துக்குப் போவோம். பக்கத்து மேசை இளைஞர் .223 ஐ மணிக்கு இருநூறு சுடுவார். பித்தளை மழையாகக் கொட்டும். நாங்கள் 100 கஜத்தில் ஒரு தாளை மாட்டி, பன்னிரண்டை ஒரு மணி நேரம் சுடுவோம். 300 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 19 கிராம் குண்டு. கட்டையின் அடியில் ரப்பர் கிடையாது, வளைந்த இரும்புத் தகடுதான். முதல் நாள் இருவர் தோளும் கன்றிச் சிவந்தன. பன்னிரண்டுக்கு மேல் சுட ஆசை வராததற்கு அதுவும் ஒரு காரணம். முடிந்ததும் யாராவது வந்து, அது என்ன துப்பாக்கி என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே பாதி உழைப்பு என்பதை மறைப்பதில் பயனில்லை. யாரும் படிக்காத கவிஞரை நாம் மட்டும் படித்திருக்கிறோம் என்னும் கர்வத்துக்கு மிக நெருங்கிய உறவு அது.

2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்கின் ஸ்குவிரல் ஹில் பகுதியில் யூத வழிபாட்டுத் தலத்துக்குள் புகுந்து ஒருவன் பதினொரு பேரைச் சுட்டுக் கொன்றான். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவு. அன்றிரவு, அப்போது பதினான்கு வயதான எங்கள் மகள் நிலவறைக்கு வந்து பட்டறையைப் பார்த்தபடி நின்றாள். அவள் கேட்பதற்கு முன்பே நாங்கள் பேசத் தொடங்கிவிட்டோம். இது வேறு. இதில் நான்கு தோட்டாதான் நிரப்ப முடியும். ஒவ்வொரு முறையும் லீவரை இழுக்க வேண்டும். இதை இன்று யாரும் ஆயுதமாகக் கருதுவதே இல்லை.

"பழைய குண்டு பட்டால் சாக மாட்டார்களா அம்மா?" என்றாள்.

பிறகு, நாங்களே அவளுக்குப் படிக்கக் கொடுத்த ஆண்டர்சனை எடுத்துக் காட்டினாள். "அவரே பின்னாளில் துப்பாக்கியை வைத்துவிட்டு கேமராவை எடுத்துக்கொண்டார், இல்லையாப்பா?"

உண்மைதான். அதற்கும் எங்களிடம் விடை இல்லை. ஓராண்டுக்கு மேல் பெட்டகத்தைத் திறக்கவில்லை. விற்றுவிடலாம் என்று இரண்டு முறை முடிவு செய்தோம். விற்றால் யார் கைக்குப் போகும் என்னும் கவலையைக் காரணம் காட்டி இரண்டு முறையும் பின்வாங்கினோம். அது காரணமா சாக்கா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை போகிறோம். மீண்டும் மீண்டும் விரித்துச் சுருக்குவதால் பித்தளை இறுகி, கூடுகள் வாய்ப்பக்கம் கீறல் விடுகின்றன. கீறியதை மறுபடி நிரப்பக் கூடாது. அறுபதில் இப்போது மிஞ்சியிருப்பவை முப்பத்தேழு. புதிய தொகுதி வந்திருப்பதாக அண்மையில் கடைக்காரர் அழைத்துச் சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்றோம். விடுமுறைக்கு வந்திருந்த மகள் அருகில்தான் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை நிலவறையில் நாங்கள் நிறுத்துக்கொண்டிருந்தபோது இறங்கி வந்து, குறிப்பேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எண்ணைச் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றாள்.