தூண்டில்காரனுக்குத் தக்கை மேல் கண்

உங்கள் வீட்டுக் கூரை இடுக்கிலும் ஒரு தூண்டில் செருகியிருக்கும். "தூண்டிலைத் தூக்குகிறவன் உருப்பட மாட்டான்" என்ற வசவும் அதோடு சேர்ந்தே இருக்கும். அந்த வசவை நானும் வாய் நிறையச் சொன்னவன்தான். நான் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன். நாற்பத்தைந்து வயதாகிறது. கிள்ளானில் குடியிருந்துகொண்டு தினமும் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் போய் வருகிறேன். கெண்டை மீன் பிடிக்கும் வகையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் தவறு ஒன்றைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். பெற்றோர் சந்திப்பு நாளில் அவனுடைய அப்பாவிடம், "உங்கள் பையனுக்கு எதிலும் கவனம் நிற்பதில்லை. சேர்ந்தாற்போல ஐந்து நிமிடம் உட்கார மாட்டான். தூண்டிலும் கையுமாகத் திரிகிறானாமே?" என்றேன். அவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு போனார். மறுநாள் பையனுடைய கெண்டைக்காலில் பிரம்புத் தடம் இருந்தது. பார்த்தேன். பார்க்காதவன்போல் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமையானால் நானே தூண்டிலோடு கிளம்புகிறவன். நான் போனால் பொழுதுபோக்கு; பையன் போனால் பொறுப்பின்மை!

நான் போகும் இடம் பூச்சோங் பக்கமுள்ள ஒரு பழைய ஈயக்குட்டை. ஒரு காலத்தில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கே ஈயத்தால் வாழ்ந்தது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய வியாபாரம் சரிந்து விழுந்தபின், மிச்சமிருந்த சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் நின்று குட்டைகளாயின. கோலாலம்பூரில் நாம் குடும்பத்தோடு காற்று வாங்கப் போகும் தித்திவங்சா ஏரியும் முன்பு ஈயம் தோண்டிய இடம்தான்.

இந்தக் குட்டைகளில் ரோகு உண்டு, புல் கெண்டை உண்டு, லீக்கோ என்று சொல்லும் சாதாக் கெண்டையும் உண்டு. நம் ஆற்று லம்பாமும் கெண்டைக் குடும்பமே. இவற்றில் ரோகு நம்மைப் போலக் கடல் கடந்து வந்தது. கங்கைச் சமவெளி ஆறுகளில் வெள்ளம் புரளும்போது முட்டையிடும் மீன் அது. தேங்கிய நீரில் தானாகப் பெருகாது. 1957 ஜூலை 10ஆம் தேதி, ஒடிசா மாநிலத்து அங்குலில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டையைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அதன் பிறகுதான் ரோகுக் குஞ்சுகளை வேண்டிய அளவு உண்டாக்க வழி பிறந்தது. ஆகவே, குட்டையில் ரோகு இருக்கிறதென்றால், யாரோ கொண்டுவந்து விட்டார்கள் என்று பொருள்.

நானும் அதைப் பிடிக்கக் கிள்ளான் கடையொன்றில் விலை உயர்ந்த வெளிநாட்டு இரை வாங்கினேன். டப்பாவைத் திறந்தால் ஸ்ட்ராபெரிப் பழ வாசனை. மூன்று ஞாயிறு போட்டேன். தக்கை அசையவே இல்லை. நான்காவது ஞாயிறு, எதிர்க்கரையில் ஒருவன் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மீன் தூக்கினான். யார் என்று போய்ப் பார்த்தால், நம் பையன்!

என்னைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தான். "உட்காரப்பா, இங்கே நான் வாத்தியார் இல்லை" என்றேன். என் டப்பாவை முகர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"இந்த மீனுக்கு அந்த வாசனை தெரியாது சார். சாயங்காலம் ஆளுங்க வந்து ரொட்டி பிச்சுப் போட்டுட்டுப் போவாங்க. அதைத் தின்னு வளர்ந்தது சார் இது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் ரெண்டு வாரம் தூண்டிலே போடல சார். சும்மா உக்காந்து பார்த்தேன்."

ஐந்து நிமிடம் உட்கார மாட்டான் என்று நான் சொன்ன பையன்!

அவனுடைய இரையை அப்படியே எழுதுகிறேன். அரிசித் தவிடு மூன்று பங்கு, வெள்ளை ரொட்டி ஒரு பங்கு. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையை லேசாக வறுத்து ஒரு பிடி. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் பிசைய வேண்டும். சுண்டைக்காய் அளவு உருட்டி ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடனே கரைந்தால் ரொட்டியைக் கூட்டுங்கள். கல்லாகக் கிடந்தால் தவிட்டைக் கூட்டுங்கள். ஏறத்தாழ பத்து நிமிடம் நின்று, மெல்ல உதிர வேண்டும். அந்த உதிர்வுதான் மீனைக் கூப்பிடுகிறது.

மீனுக்கு மீன் இரை மாறும். லீக்கோ அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். மண்புழுவும் அவித்த சோளமும் அதற்கு ஏற்றவை. புல் கெண்டைக்கு இளம்புல்லும் மரவள்ளி இலையும் போதும். செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஓடும் ஆற்றில் லம்பாம் பிடிக்கக் கனிந்த செம்பனைப் பழத்துக்கு மிஞ்சியது இல்லை. பழம் தானாக விழுந்து விழுந்து மீனுக்கு அந்த ருசி பழகியிருக்கும்.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுதும் மேயும். ஆகையால் கூட்டிரையை அள்ளிக் கொட்டாதீர்கள். எலுமிச்சை அளவில் நாலு உருண்டை எறிந்தால் போதும். விடியுமுன் நீரில் பிராணவாயு குறைந்திருக்கும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், இரை எடுக்காது. வெயில் ஏறிப் பாசி வேலை செய்யத் தொடங்கியபின் மேயும். பொடிப்பொடியாகக் குமிழி வரிசையாய் எழும்பும் இடத்தில் மீன் சேற்றைக் கிளறுகிறது என்று அறியுங்கள். கெண்டையின் காற்றுப்பையிலிருந்து காதுவரை சின்ன எலும்புகள் தொடுத்திருப்பதால் அதற்குக் காது மிகக் கூர்மை. கரையில் தொப்பென்று குதிக்கக் கூடாது.

நானும் படித்தது ஒன்றை அவனுக்குச் சொன்னேன். கெண்டையின் பல் தொண்டையில் இருக்கிறது. இரையை உறிஞ்சிப் பார்க்கும். முள் தட்டுப்பட்டால் துப்பிவிடும். இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மேடாக்ஸ் என்ற இருவர் 1980 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் கீழே ஒரு தலைமயிரில் தொங்கவிட்டார்கள். மீன் துப்பும்போது வெறும் முள் உதட்டில் மாட்டிக்கொள்ளும். தையல் நூலில் அவித்த சோளத்தைக் கோத்து நாங்களும் செய்து பார்த்தோம். அன்று மாலையே ஒரு லீக்கோ கிடைத்தது. பையன் துள்ளிய துள்ளலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிடித்ததை எல்லாம் குழம்பு வைத்துவிடாதீர்கள். சில ஈயக்குட்டைகளில் ஆர்சனிக் போன்ற நஞ்சு கலந்திருக்கும். குட்டையைப் பற்றித் தெரியாவிட்டால் மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

அன்றிரவு லயத்துக்குப் போய் அவனுடைய அப்பாவைப் பார்த்தேன். "அண்ணே, அன்று நான் சொன்னது தப்பு. உங்கள் பையனுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. நான்தான் எனக்குப் பிடித்த இரையையே போட்டுக்கொண்டிருந்தேன்" என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "படிக்கலேன்னு அடிக்கல சார். அந்தக் குட்டையில விழுந்துடுவானோன்னு பயந்துதான் அடிச்சேன்."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஈயக்குட்டையின் கரை நம் ஊர்க் குளத்துப் படிக்கட்டு அல்ல. ஓரடி தள்ளினால் செங்குத்தான ஆழம். மணல் சரிந்தால் நீந்தத் தெரிந்தவனும் ஏறி வர முடியாது. எத்தனையோ பிள்ளைகளை விழுங்கிய தண்ணீர் அது. பையனுடைய கண் தக்கை மேல் இருந்தால், அவனுடைய கால் மேல் கண் வைக்க ஓர் ஆள் வேண்டாமா?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர். அப்பா கரையைப் பார்த்து இடம் சொல்கிறார். பையன் மாவு பிசைகிறான். வகுப்பில் விகிதக் கணக்கைத் தவிடும் ரொட்டியுமாகப் போட்டுக் காட்டினேன். முழுதும் சரியாகச் செய்தான் என்று சொன்னால் பொய். பத்தில் ஆறு சரி. முன்பு இரண்டு. அவன் காலில் இருந்த தடம் மறைந்துவிட்டது. நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே, உங்கள் பையன் தூண்டிலோடு கிளம்பினால் தடுக்காதீர்கள். தனியாகவும் விடாதீர்கள். கூடப் போங்கள். வீட்டில் மிச்சமான ரொட்டி இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.