பிளா

சென்ற பங்குனி மாதத்தில், பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் கல்வி கற்ற மாணவர் ஒருவர், வெளிநாட்டு நண்பர்கள் இருவரோடு கொழும்பிலிருந்து வந்திருந்தார். நயினாதீவையும் நெடுந்தீவையும் பார்ப்பது அவர்களது நோக்கம். போகும் வழியில் எங்கள் தீவுப்பகுதியின் உணவையும் பானத்தையும் சுவைத்துப் பார்ப்பது அதனினும் பெரிய நோக்கம்.

“சேர், நீங்கள் வேலணையில பிறந்தனீங்கள். வாற ஆக்கள் என்ன சாப்பிடவேணும், என்ன குடிக்கவேணும் எண்டு ஒரு தாளில எழுதித் தாங்கோ” என்றார்.

எழுதினேன். ஒடியற்கூழ், ஒடியற்பிட்டு, புழுக்கொடியல், பனங்காய்ப் பணியாரம், பனாட்டு, பாணிப்பனாட்டு, பனங்கட்டி, கருப்பநீர், கள். எழுதி முடித்துப் பார்த்தபோது, ஒன்றிரண்டு கடலுணவைத் தவிர எல்லாம் பனையடியில் வந்து நின்றதைக் கண்டேன். நல்ல நீரும் நெல் விளையும் நிலமும் குறைந்த தீவுகளில், ஏழையின் வயிற்றைப் பல தலைமுறைகளாகக் காத்து வந்தது அந்த மரமே.

அன்றிரவு யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு ஹோட்டலில் கூழ் அருந்தினோம். மண்சட்டியில் ஆவி பறக்கக் கூழ் வந்தது. கூடவே பனையோலைப் பிளாக்களும் வந்தன. ஓலையை விரித்துக் கோலி, முனைகளைச் சேர்த்துக் கட்டினால் சிறு தோணி போன்ற பாத்திரம் ஒன்று உருவாகும். அதுவே பிளா. விருந்தினர்கள் கூழைத் தொடுமுன் பிளாவைப் படம் பிடித்தார்கள். “என்ன வடிவு, சேர்! ஒரு சட்டியைச் சுற்றியிருந்து எல்லாரும் குடிக்கிறது எவ்வளவு நல்ல வழக்கம்!” என்று மாணவர் மகிழ்ந்தார். நான் தலையை அசைத்தேன். ஆனால், கூழ் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கூழின் மீது குற்றமில்லை. அதன் பின்னாலுள்ள உழைப்பை அறிந்தவர் எவரும் அதனை அலட்சியம் செய்யார். ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழங்களைப் பொறுக்கி, களியைப் பிழிந்து, பாயிலே படைபடையாக ஊற்றி வெயிலில் காயவிட்டால் பனாட்டு. எஞ்சிய விதைகளை மாரிக்கு முன் பாத்தியில் அடுக்கினால், தை, மாசியில் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, நீரில் ஊறவைத்துக் கசப்பு நீங்கப் பிழிந்தெடுக்க வேண்டும். நண்டும் இறாலும் மீன்தலையும், பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் ஒருபிடி அரிசியும் வெந்து கொதிக்கும்போது, அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்து, அந்த மாவைக் கரைத்துவிட வேண்டும். ஒருநாட் கூழுக்குப் பின்னால் ஓராண்டின் வேலை இருக்கிறது.

பானத்தின் கதை இதைவிடக் கடினமானது. சீவல் தொழிலாளி காலிலே தளைநாரும் இடுப்பிலே பாளைக்கத்தியுமாக, காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறி இறங்குவார். பாளையை நசித்து, சீவி, முட்டி கட்டுவார். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காது, அது கருப்பநீர். பூசாவிட்டால் தானே நொதித்துக் கள்ளாகும். கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. இடையிலே ஒருமுறை கால் வழுவினால், ஒரு குடும்பத்தின் வாழ்வே முடிந்துவிடும்.

எங்கள் வீட்டு வளவிலிருந்த பனைகளிலும் அப்படி ஒருவர் ஏறினார். என் பாட்டனாரின் வயதை நெருங்கியவர். அவரை நாங்கள் பெயர் சொல்லி, ‘நீ’ என்று அழைத்தோம். அவரோ சிறுவனான என்னை ‘நயினார்’ என்றார். காலையில் அவர் கொண்டுவரும் கருப்பநீரை அம்மா வாங்கி, பளபளக்கும் பித்தளை மூக்குப்பேணியில் வார்த்து எனக்குத் தருவார். அவர் தாகத்துக்கு நீர் கேட்டால், முற்றத்திலே குந்தியிருந்து பிளாவை நீட்டுவார். நாங்கள் செம்பை உயர்த்தி, பிளாவில் படாமல் வார்ப்போம். குடித்தபின் அவரே அதனை வேலிக்கு அப்பால் எறிந்துவிடுவார். அவர் கை பட்ட பானம் எங்கள் தொண்டைக்குள் இறங்கலாம்; அவர் உதடு எங்கள் செம்பிலே படலாகாது! இந்தத் தர்க்கத்தின் அபத்தத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் கண்டதில்லை.

பிளா எல்லோர்க்கும் பொதுவான பாத்திரந்தான். தோட்டத்திலும் கள்ளுத் தவறணையிலும் எல்லோரும் அதிலே குடித்தார்கள். ஆனால், எங்கள் முற்றத்தில் அதற்கு வேறொரு பொருளும் இருந்தது. கழுவி மீண்டும் வீட்டுக்குள் எடுக்க வேண்டாத பாத்திரம் என்பதே அப்பொருள். தேநீர்க் கடைகளிலே தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய போத்தலும் தகரப்பேணியும் எதுவோ, எங்கள் வீட்டிலே பிளா அதுவாக இருந்தது.

1957ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. அந்தத் தொழிலாளியின் மகன் என் வகுப்பில் படித்தவன். விடுமுறை நாளொன்றில் தந்தையோடு வந்தவன், தாகம் தாளாமல் திண்ணையிலிருந்த என் மூக்குப்பேணியை எடுத்து வாயிலே வைத்துவிட்டான். கத்தியது நான்தான். “அம்மா, என்ரை பேணியைத் தொட்டிட்டான்!” அம்மா ஓடிவந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே, அந்தத் தந்தை தன் மகனின் கன்னத்தில் அறைந்தார். எங்களிடமிருந்து அவனைக் காப்பாற்றுவதற்காகவே அப்படி அறைந்தார் என்பதை நான் விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. பேணியைச் சாம்பலும் புளியும் போட்டு மூன்றுமுறை விளக்கினார்கள். மறுநாட் காலை அதே பேணியில், அதே கையால் இறக்கிய கருப்பநீரைக் குடித்தேன். அது இனிப்பாகத்தான் இருந்தது.

அதே ஆண்டிலேதான் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நாட்டில் நிறைவேறியது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. செம்பு எங்கள் கையில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டு, பொலிசாரின் தடியடியை எதிர்கொண்டபோது எனக்குப் பதினெட்டு வயது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் பிறந்தது. தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராட்டம் மூண்டது. கூட்டங்களில் நானும் கைதட்டினேன். ஆசிரியனான பின்னர் சமத்துவத்தைப் பற்றி மாணவர்க்கு எத்தனையோ பாடங்கள் சொன்னேன். ஆனால், அந்தப் பேணியைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை. பிறர் செய்த அநீதியைக் கண்டிக்க எமக்கு நா எழுகிறது. எம் வீட்டுத் திண்ணைக்கு வரும்போது அது மடங்கிக்கொள்கிறது. முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ளும் என்போன்றோர் பலரின் நோய் இது.

ஹோட்டலில் கூழ் இறங்காமற் போனதன் காரணம் இதுவே. மறுநாள் காலை குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் வழியில், பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைக்குள் நுழைந்ததும், வாகனத்தை ஓர் ஒழுங்கைக்குள் திருப்பச் சொன்னேன். அது என் பழைய வகுப்புத் தோழரின் வீடு. தெருவிலே பலமுறை கண்டு பேசியிருக்கிறோம். ஆனால், அவர் படலையை நான் தாண்டியது அன்றுதான் முதற்றடவை.

“வாங்கோ வாத்தியார், இருங்கோ” என்று கதிரை எடுத்துப் போட்டார். அவருடைய மகன் அப்போதுதான் முட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். “கருப்பநீர் இருக்குது. கிளாசில தரட்டோ, பிளாவில தரட்டோ?”

“பிளாவில தாங்கோ ஐயா, அதுதான் வடிவு” என்றார் என் மாணவர்.

தோழர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். “வாத்தியாருக்கு?”

“நீங்கள் எதில குடிக்கிறியளோ, எனக்கும் அதில.”

அவர் ஒன்றும் சொல்லாமல் ஐந்து பிளாக்கள் கோலினார், ஐந்தாவது அவருக்கு. அவர் வார்க்கும்போது, “அந்தப் பேணி நினைவிருக்கோ?” என்று மெல்லக் கேட்டேன்.

“மறக்கக்கூடிய கதையே அது?” என்றார். பிளாவை என் கையில் தந்தார். விரல்கள் விரல்களிற் பட்டன. அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கில்லை.

“இவனுக்குப் பிறகு இந்த மரத்தில ஆர் ஏறுறது? பேரன் கம்பஸில படிக்கிறான்” என்று அவர் சொன்னபோது குரலில் கவலையும் இருந்தது, பெருமிதமும் இருந்தது. பாரம்பரியம் அழிகிறதே என்று என் மாணவர் வருந்தினார். எனக்கு அப்படி வருந்தத் தோன்றவில்லை. 1970களில் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. அவற்றால் நன்மை விளைந்தது உண்மையே. எனினும், மரமேறும் மனிதனுக்கு மதிப்பும் பாதுகாப்பும் நியாயமான வருவாயும் முழுமையாகக் கொடுக்காத ஒரு சமூகத்துக்கு, அவனுடைய பேரன் மரத்தில் ஏறவில்லையே என்று முறையிட உரிமை கிடையாது. அந்தத் தொழில் நிலைக்க வேண்டுமாயின், அது பிறப்பால் விதிக்கப்பட்டதாகவன்றி, மனிதன் விரும்பித் தேர்ந்து தலைநிமிர்ந்து செய்யக்கூடியதாக மாற வேண்டும்.

புறப்படும்போது பனங்கட்டிக் குட்டான்கள் சிலவற்றை வாங்கினோம். அவர் கேட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்தோம். இறங்குதுறையில் படகுக்காகக் காத்திருந்தபோது, என் மாணவரிடமிருந்த தாளைத் திரும்ப வாங்கினேன். பட்டியலின் கீழே இடம் இருந்தது. இவ்வாறு எழுதிக் கொடுத்தேன்:

‘இவற்றையெல்லாம் உண்ணுங்கள், பருகுங்கள். யார் கை இறக்கியது, யார் கை இடித்தது என்று கேளுங்கள். கூடுமானால் அவர் வீட்டுக்குப் போய், அவரோடு ஒன்றாக இருந்து, அவர் குடிக்கும் பாத்திரத்திலேயே குடியுங்கள்.’