தலவிலக் காற்றுக்கு எந்த அம்பு?

"உங்கட வில்லு எத்தனை இறாத்தல்?" என்று யாராவது கேட்டால், போன வருஷம் வரைக்கும் "அம்பது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அந்தப் பொய்யால அம்மாவின் சீட்டுக் காசு போனது. அதைத்தான் எழுதப்போகிறேன். இடையில அம்பு தெரிவு செய்கிற கணக்கும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்க.

வில்லு வந்தது இத்தாலியிலிருந்து. எங்கள் கரையோரத்தில இத்தாலியில ஆள் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேணும். சித்தப்பா அங்கே ஒரு கழகத்தில பல வருஷம் எய்தவர், பிறகு தோள் நோவு வந்து விட்டுவிட்டார். 2023 ஆகஸ்டில, தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு வந்தபோது, பெட்டியோடு கொண்டுவந்து என் கையில தந்தார். கொம்பவுண்ட் வில்லு. ராமாயணப் படங்களில பார்க்கிற வளைஞ்ச வில்லு இல்லை இது. இரண்டு முனையிலும் கப்பி, நாணோடு சேர்ந்து ஓடுகிற வேறு கயிறுகள் என்று பார்க்க ஒரு யந்திரம் மாதிரி இருக்கும். அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹொலஸ் வில்பர் அலன் என்பவர் 1969இல் காப்புரிமை பெற்ற யோசனை. இழுக்கும்போது பாதி வழியில உச்சப் பாரம் வரும். கப்பி உருண்டதும் பாரம் சட்டென்று குறைஞ்சு, முழுசாக இழுத்து நிற்கும்போது உச்சத்தில மூன்றில் ஒன்றோ நாலில் ஒன்றோதான் கையில இருக்கும். அதனால ஆறுதலாகக் குறி பார்க்கலாம்.

அம்மம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டு சாமி மாடத்தில அன்னம்மாளுக்குப் பக்கத்தில செபஸ்தியார் இருக்கிறார், உடம்பெல்லாம் அம்போடு. "அவர் அம்பு பட்டவர், எய்தவர் இல்ல" என்று அம்மம்மா சொல்லுவா. மேல்நாட்டில செபஸ்தியார்தான் வில்லாளிகளின் பாதுகாவலர் என்று காட்டினேன். அம்பு பட்டும் அவர் சாகவில்லை, பிறகு அடித்துத்தான் கொன்றார்கள் என்பது பாரம்பரியம். அம்மம்மா நம்பினாவா தெரியாது. ஆனா ஜனவரி 20 வந்தால் இப்போது எனக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி கொளுத்துறா.

அதே ஆகஸ்டில பெர்லினில உலகச் சம்பியன்ஷிப் நடந்தது. மகாராஷ்டிராவைச் சேர்ந்த அதிதி சுவாமி, 17 வயசு, கொம்பவுண்ட் பெண்கள் இறுதிப் போட்டியில 150க்கு 149 எடுத்தா. அதை நான் போனில திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் கையில வில்லு வந்த அதே மாசம்! எனக்கும் 17 மாதிரித்தான் இருந்தது.

சித்தப்பாவின் அம்புகளும் பெட்டியில இருந்தன. அதில தொடங்கினது பிரச்சினை. அவர் உயரமான மனிசன், கையும் நீளம். அவருடைய அம்பு 29 அங்குலம், நான் இழுப்பதோ 26. அம்பு நீளமாக இருந்தால் ஆபத்து இல்லை. கட்டையாக இருந்தால்தான் இழுக்கும்போது தாங்கியில இருந்து உள்ளே விழுந்து கையைக் கிழிக்கும். ஆனா நீளம் கூடினால் பாரமும் கூடும். என் வில்லுக்கு அந்தப் பாரத்தைத் தள்ளச் சக்தி காணாது. 50 மீற்றருக்குப் போவதற்கு சைட்டை இறக்கி இறக்கி, கடைசியில இறக்க இடமே இல்லாமல் போனது.

அடுத்தது ஸ்பைன். அம்பு எவ்வளவு வளையும் என்ற கணக்கு. தண்டை 28 அங்குல இடைவெளியில இரண்டு தாங்கியில வைத்து, நடுவில 1.94 இறாத்தல் கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழுது என்று பார்ப்பார்கள். அரை அங்குலம் தாழ்ந்தால் 500 என்று எழுதுவார்கள், 0.6 அங்குலம் என்றால் 600. இதில எல்லாரும் தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கு: எண் கூடக் கூட அம்பு இளகினது. நாணின் தள்ளு வரும்போது அம்பு கொஞ்சம் வளைந்து நிமிர்ந்துதான் போகும். விறைப்பு பொருந்தாவிட்டால் அது அலைந்துகொண்டே போய், நாம் விடுகிற சின்னப் பிழையையும் பெரிதாக்கிக் காட்டும். சித்தப்பாவின் அம்பு 400. எனக்கு வேண்டியது 600க்குக் கிட்ட.

அது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு கதை. 2024 பெப்ரவரியில, கம்பஸில படிக்கும்போது, கொழும்பில ஒரு அண்ணா எய்வதை விட்டுவிட்டு அம்புகளை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பன்னிரண்டு, மலிவு. அவர் மூன்று கேள்வி கேட்டார். எத்தனை அங்குலம் இழுக்கிறீங்க? எத்தனை இறாத்தல்? எங்கே எய்யப்போறீங்க? பக்கத்தில இரண்டு மூன்று பொடியன்கள் நின்றார்கள். "அம்பது" என்றேன். மூன்றாவது கேள்விக்கு என்ன சொன்னேன் என்பது ஞாபகம் இல்லை. கடற்கரை என்று சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அவர் தந்தது தடித்த அம்பு. விட்டம் 9.3 மில்லிமீற்றர், போட்டி விதிகள் விடுகிற உச்சம் அதுதான். அப்படித் தடித்த அம்புக்கு ஒரு காரணம் இருக்கு. தண்டு வளையக் கோட்டைத் தொட்டாலே கூடிய புள்ளி கிடைக்கும். ஆக தடிப்பு லாபம். மண்டபத்துக்குள்ள 18 மீற்றரில எய்தபோது அது உண்மையாகவும் இருந்தது. என் புள்ளி ஏறினது. அம்மாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

ஜூலை லீவில வீட்டுக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில அது சோளகக் காற்றின் காலம். மாம்புரிப் பக்கம் நிற்கிற காற்றாலைகள் ஓயாது. கற்பிட்டியில வெள்ளைக்காரர்கள் பட்டத்தில தொங்கிக்கொண்டு கடலில ஓடுவார்கள். நான் எய்வது வீட்டுக்குப் பின்னால, கரைக்குச் சமாந்தரமாக வடக்கே பார்த்து. உரப் பைகளுக்குள்ள கிழிஞ்ச வலைகளைத் திணித்துத்தான் இலக்கு. அதற்குப் பின்னால ஆள் உயரத்துக்கு மணல் மேடு. யாராவது அந்தப் பக்கம் நடந்தால் எய்தல் நிற்கும்.

முதல் ஆறு அம்பும் வலப்பக்கம் கிட்டத்தட்ட ஒரு சாண் தள்ளிப் போயின. சைட்டைத் திருத்தினேன். காற்று கொஞ்சம் அடங்கினது, இடப்பக்கம் போயின. 50 மீற்றரில வைக்கிற 80 சென்ரிமீற்றர் தாளில 10 என்ற வட்டத்தின் விட்டம் 8 சென்ரிமீற்றர்தான். ஒரு சாண் என்றால் ஐந்து வளையம். ஒவ்வொரு நாளும் இதே கூத்து. மண்டபத்துக்குள்ள சரியாகப் போன அம்பு இங்கே போகவில்லை என்றால் பிழை என்னுடையதாகத்தான் இருக்கவேணும் என்று நினைத்தேன். பிடி சரியில்லை, தோள் சரியில்லை, நானே இதுக்குச் சரியில்லை. அம்மா கருவாடு காயப்போட்டபடி கேட்பா, "அம்பு நல்லாப் போகுதா மகள்?" "ஓம் அம்மா." இரண்டாவது பொய். பிறகு இரண்டு கிழமை வில்லை எடுக்கவே இல்லை.

அப்பாதான் கேட்டார், ஏன் எய்யல்ல என்று. சொன்னேன். அவருக்கு வில்வித்தையில ஒன்றும் தெரியாது. ஒரு அம்பைக் கையில வாங்கி உருட்டிப் பார்த்தார். "இவ்வளவு தடிப்பா?" என்றார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீரோட்டம் கூடின நாளில தடிச்ச தங்கூசி போட்டா அள்ளிட்டுப் போயிடும் மகள். மெல்லிசாப் போட்டு, ஈயத்தைக் கூட்டோணும்."

நான் வாசித்த அத்தனையும் இரண்டு வரியில. காற்றில அம்பு தள்ளுப்படுவதற்கு அது பறக்கிற நேரம் மட்டும் காரணம் இல்லை. பறக்கும்போது எவ்வளவு வேகத்தை இழக்குது என்பதுதான் முக்கியம். தடித்து, பாரம் குறைந்து, பெரிய இறகு வைத்த அம்பு வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், காற்று அதைக் கூடத் தள்ளும். மெல்லிய தண்டு, பாரமான முனை, சின்ன இறகு என்றால் குறையத் தள்ளும். தடிப்பால கோட்டில கிடைக்கிற லாபம் பக்கத்துக்கு இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லை. அதுக்காக நான் சாண் கணக்கில கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளிக்களத்தில பெரிய ஆட்கள் ஏன் மெல்லிய அம்பு எய்கிறார்கள் என்பதும் இதுதான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில அறிமுகமான ஈஸ்டன் எக்ஸ்10, உள்ளே அலுமினியக் குழாய், மேலே கார்பன், சுண்டுவிரலைவிட எவ்வளவோ மெல்லிசு. ஒரு டசன் நானூறு டொலருக்கு மேல. 2022இல டொலர் 360 ரூபாயைத் தாண்டின நாட்டில இதை நான் கனவிலகூட விலை கேட்கவில்லை.

அப்பா அதோடு விடவில்லை. "உன்ட வில்லு எவ்வளவு இழுக்கும்?" என்றார். வாய் "அம்பது" என்றது. அவர் உள்ளே போய் மீன் நிறுக்கிற தொங்கு தராசைக் கொண்டுவந்தார். தராசின் கொளுவியை நாணின் வளையத்தில மாட்டி, நான் வில்லைப் பிடிக்க, அவர் மெல்ல இழுத்து, முள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு மெல்லவே திரும்ப விட்டார். (கை நழுவ விடக்கூடாது. அம்பு இல்லாமல் நாண் அடித்தால் வில்லே உடையலாம்.)

"பத்தொம்பது கிலோ" என்றார். 42 இறாத்தல்.

அன்று இரவு அம்மாவுக்கும் சொன்னேன். காசை, பொய்யை, இரண்டையும். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதை வித்தவன்ட பேர்ல பிழை இல்லையே?" என்று கேட்டா. இல்லை. அவர் கேட்ட மூன்றும் சரியான கேள்விதான். நான்தான் சரியான பதில் சொல்லவில்லை.

தடித்த அம்புகளை மண்டபத்தில எய்கிற, உண்மையிலேயே ஐம்பது இழுக்கிற ஒரு தங்கச்சிக்கு விற்றேன், வாங்கினதைவிடக் குறைத்து. மிச்சத்தை ட்யூஷன் காசில சேர்த்தேன். சித்தப்பாவுக்கு இந்த முறை உள்ளபடியே எழுதினேன்: 42 இறாத்தல், 26 அங்குலம், கடற்கரை, பக்கக் காற்று. டிசம்பரில வந்தது. பேர் இல்லாத சாதாரண கார்பன் தண்டு, 600 ஸ்பைன், மெல்லிசு, பாரம் கூடின முனை. மொத்தப் பாரம் 300 கிரெயின் அளவு. பல வில்லுக் கம்பனிகள் ஒரு இறாத்தலுக்குக் குறைந்தது 5 கிரெயின் கேட்கும், எனக்கு அது 210. அதுக்குக் கீழே போனால் வில்லுக்குக் கேடு. மேலே கூட்டினால் வேகம் குறையும், ஆனா காற்றில நிற்கும். நான் கூட்டின பக்கம் நின்றேன்.

இந்த மே மாசம் சோளகம் திரும்பத் தொடங்கினது. அம்பு இப்போதும் தள்ளுப்படுது, யாரும் ஏமாறவேண்டாம். முந்தின அளவில பாதி. அந்தப் பாதிக்கு இடப்பக்கம் குறி ஒதுக்கி எய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஏப்ரலில ஒரு செய்தியும் வந்தது: 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில கொம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல் தடவையாகச் சேர்க்கப்படுகிறதாம். அப்பாவிடம் சொன்னேன். "அங்கயும் காத்து இருக்குமா?" என்றார்.

பன்னிரண்டில இப்போது ஒன்பது இருக்கு. இரண்டு மணலுக்குள்ள போனது போனதுதான். இன்னொன்றை, எய்வதற்கு முந்தி வழமை போல வளைத்துக் காதில வைத்துப் பார்த்தபோது, மெல்ல ஒரு சத்தம் கேட்டது. வெடிப்பு. கார்பன் அப்படிச் சத்தம் போட்டால் திரும்ப நாணில வைக்கக்கூடாது, நடுவில முறிஞ்சு கைக்குள்ள ஏறும். அதைக் குப்பையில போடப் போனேன். அப்பா வாங்கி, வெடித்த இடத்துக்கு டேப் சுற்றி, திண்ணைக் கூரையில செருகி வைத்திருக்கிறார். தங்கூசி சுற்ற நல்லதாம்.