கடைசி மாதத்தில் வாய் திறப்பவர்கள்

பி.டி. சார் வேலையை விட்டுவிட்டார். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆன பிறகு மைதானத்தில் நிற்க முடியவில்லை. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். நெய்வேலியிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் உள்ள ஒரு கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் கால்பந்து அணியைப் பார்த்துக்கொண்டவர். அவர் பெயர் வேண்டாம், கல்லூரியின் பெயரும் வேண்டாம்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பு வகுப்பு நடத்துகிற காலனி டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கிறது. டவுன்ஷிப்பை முதன்முதலாகப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் அசந்துபோவார்கள். கோடு போட்டது போன்ற சாலைகள், இருபுறமும் மரங்கள், எண் போட்ட வட்டங்கள், பதவிக்கு ஏற்ற அளவில் குவார்ட்டர்ஸ். எங்கள் காலனியிலிருந்து பார்த்தால் தெரிவது சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடு. அந்த மேட்டடியில்தான் எங்கள் பையன்கள் பந்து உதைத்துப் பழகினார்கள். பி.டி. சார் அங்கே வந்து நின்று பார்ப்பார், நன்றாக ஆடுகிறவனைக் கூப்பிட்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்த்துவிடுவார். அவர் கையெழுத்தால் பட்டதாரி ஆனவர்கள் எங்கள் காலனியில் பதினோரு பேர். அதை நாங்கள் ஒருநாளும் மறுக்க மாட்டோம்.

ஓய்வு பெற்ற இரண்டாவது வாரம் அவரே வகுப்புக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது. இடது கையில் ஊசி போடும் இடம் கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்தபோது அரை டம்ளருக்கு மேல் வேண்டாம் என்றார். அப்புறம் நாங்கள் கேட்காமலேயே ஆரம்பித்தார்.

எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றுக்காக அணி வெளியூர் போயிருக்கிறது. ராத்திரி சாப்பாடு உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் வீட்டில். பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். கேள்வி எங்கே போகும் என்று நமக்குத் தெரியாதா? எங்கள் பையன்கள் ஐந்து பேருக்கு மட்டும் திண்ணையில் பாக்குமட்டைத் தட்டு. மற்றவர்களுக்கு உள்ளே எவர்சில்வர் தட்டு. மறுநாள் ஆட்டத்தில் ஜெயித்ததும் அந்த ஐந்து பேரில் ஒருவன் போட்ட கோலால்தான்.

“அன்னிக்கே டீமைக் கூட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா கிளம்பியிருக்கணும். பயந்துட்டேன்” என்றார் சார்.

அந்த ஐந்து பேரில் ஒருவன் இப்போது சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. தம்பியை வகுப்பில் விட வந்தவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“சார், அன்னிக்கு நீங்க எங்க சாப்பிட்டீங்க?”

“உள்ளதாம்பா.”

அவனுக்கு அது ஏற்கெனவே தெரியும். சார் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டான்.

சார் போன பிறகு வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. இப்போதாவது சொன்னாரே, எத்தனை பேர் சொல்கிறார்கள் என்றது ஒரு பக்கம். “ரிட்டையர் ஆகுற மாசத்துல எல்லாரும் அம்பேத்கர்தான்” என்றாள் பி.ஏ. படிக்கிற ஒரு தங்கை. சிரித்துவிட்டோம். ஆனால் இந்த வேலையில் நாங்கள் பார்த்த தாசில்தார்கள், தலைமையாசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள் பலர் அப்படித்தான். சர்வீசில் இருந்தவரை கோப்பைத் தொட மாட்டார்கள். பிரிவு உபச்சார விழா முடிந்த பிறகு எங்கள் தோளில் கை போட்டு, “உங்க மக்களுக்கு நடந்தது அநியாயம் தம்பி” என்பார்கள்.

அப்போது நினைவுக்கு வந்தவர்தான் கேரி பிங்கல். அடுத்த ஞாயிறு முழுக்க அந்தக் கதையைத்தான் பேசினோம். உங்களுக்கும் சொல்கிறோம்.

அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகம். அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து அல்ல. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் ஏந்தி ஓடி, ஆளோடு ஆள் மோதுகிற ஆட்டம். கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்கே பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கிக் கூடுவார்கள், தொலைக்காட்சிப் பணம் கொட்டும். பிங்கல் 2001 முதல் அங்கே பயிற்சியாளர். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவரளவுக்கு வெற்றி தேடித் தந்தவர் வேறு யாருமில்லை. ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 40 லட்சம் டாலர். ஆடிய பையன்களுக்கு அப்போது சம்பளம் கிடையாது, படிப்புக்கான உதவித்தொகைதான். அந்த உதவித்தொகை வீரர்களில் பாதிக்கும் மேல் கறுப்பர்கள். பல்கலைக்கழகத்தின் மொத்த மாணவர்களிலோ கறுப்பர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. வகுப்பறையில் இல்லாதவர்கள் மைதானத்தில் மட்டும் நிறைந்திருந்தார்கள். நமக்குப் பழகிய கணக்குதான்.

லாயிட் கெயின்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 1935இல் அங்கே சட்டம் படிக்க விண்ணப்பித்தார், நிறத்தைக் காட்டி மறுத்தார்கள். 1938இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் சிகாகோவில் தங்கியிருந்த இடத்திலிருந்து வெளியே போனவர் திரும்பவேயில்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கறுப்பின மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய 1950 ஆயிற்று. அதனால்தான் 2015இல் போராடிய மாணவர்கள் தங்கள் குழுவுக்கு ‘கன்சர்ன்ட் ஸ்டூடண்ட் 1950’ என்று பெயர் வைத்தார்கள்.

அதற்கு முந்தைய வருடம், 2014 ஆகஸ்டில், கார் பயண தூரத்தில் இருக்கிற ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுனை போலீஸ்காரர் சுட்டுக் கொன்றிருந்தார். 2015 செப்டம்பரில் மாணவர் சங்கத் தலைவரையே வண்டியில் போனவர்கள் இழிசொல் சொல்லிக் கத்திவிட்டுப் போனார்கள். அக்டோபர் 10 அன்று ஊர்வலத்தில் வந்த பல்கலைக்கழகத் தலைவர் டிம் உல்ஃபின் காரை மாணவர்கள் மறித்தார்கள். அவர் இறங்கிப் பேசவில்லை. நவம்பர் 2 அன்று ஜொனாதன் பட்லர் என்ற முதுகலை மாணவர், உல்ஃப் பதவி விலகும்வரை சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்தார். ஐந்து நாள் போயிற்று. உல்ஃப் பதவியில்தான் இருந்தார்.

நவம்பர் 7 ராத்திரி முப்பது பேர் அளவில் கறுப்பின ஆட்டக்காரர்கள் கைகோத்து நிற்கிற படம் ஒன்று வெளியானது. உல்ஃப் போகிறவரை ஃபுட்பால் சம்பந்தப்பட்ட எதையும் செய்ய மாட்டோம் என்று அறிவித்தார்கள். அடுத்த சனிக்கிழமை பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். ஆடாமல் விட்டால் அவர்களுக்கு 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும், அன்றைய மதிப்பில் ஆறரைக் கோடி ரூபாய்க்கு மேல். மறுநாள் ஞாயிறு, வெள்ளையர் கறுப்பர் எல்லாருமாக அணியும் பயிற்சியாளர்களும் சேர்ந்து நிற்கிற படத்தை பிங்கல் வெளியிட்டார். நாங்கள் ஒன்று, எங்கள் ஆட்டக்காரர்களின் பின்னால் நிற்கிறோம் என்பது அதன் சாரம். திங்கள் காலை, நவம்பர் 9, உல்ஃப் ராஜினாமா. பட்லர் உண்ணாவிரதத்தை முடித்தார்.

இந்த இடத்தில் சுரங்கத்துத் தம்பி குறுக்கிட்டான்: “பட்டினி கெடந்தா அவங்களுக்கு என்னண்ணா? பெல்ட்டு நின்னாதான் ஆபீசர் வீட்டு ஏசி நிக்கும்.” நாங்கள் இரண்டு வருடம் படித்த சமூகவியலில் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன ஆசிரியர் கிடையாது. அஸ்திவாரம் போட்டவர் பட்லர், அவர் உடம்பைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு வாரப் பசியால் அசையாதது, ஒன்றரை நாள் வேலைநிறுத்தத்தில் அசைந்தது.

இப்போது பயிற்சியாளர் விஷயத்துக்கு வருகிறோம். நவம்பர் 13, வெள்ளிக்கிழமை, பிங்கல் அறிவித்தார்: எனக்கு லிம்ஃபோமா, நிணநீர்ப் புற்றுநோய். மே மாதமே தெரியும். இந்த சீசனோடு விலகுகிறேன். அவருக்கு வயது 63. அக்டோபர் 26 அன்று எடுத்த ஸ்கேனுக்குப் பிறகு முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னார். தேதிகளைக் கவனியுங்கள். பையன்கள் படம் போட்டது நவம்பர் 7. அதாவது அவர்கள் பின்னால் வந்து நின்றபோதே தான் போகப்போகிறோம் என்று பிங்கலுக்குத் தெரியும். மறுநாள் ஆட்டம் நடந்தது, 20-16 என்று மிசௌரி ஜெயித்தது.

அப்படியானால் இவரும் கடைசி மாதத்து அம்பேத்கர்தானா? தங்கை விடவில்லை. போகிற மனுஷனுக்கு என்ன பயம், சம்பளம் வந்துவிட்டது, பேரும் வந்துவிட்டது என்றாள். அவளுக்கு இன்னொரு ஆதாரமும் இருந்தது. அந்தப் பதிவில் மாணவர் குழுவின் பெயரைச் சேர்த்தது தவறு என்று பிங்கல் இரண்டொரு நாளில் பின்வாங்கினார். தான் நின்றது ஆட்டக்காரர்களுக்காகவும் பட்லரின் உயிருக்காகவும்தான், மற்ற அரசியலுக்காக அல்ல என்றார். உண்மைதான். அவரைப் புரட்சிக்காரர் ஆக்கினால் நாம் பொய் சொல்கிறோம் என்று அர்த்தம்.

ஆனாலும் நாங்கள் பிங்கல் பக்கம் கொஞ்சம் சாய்ந்தோம். காரணம் ஒன்றுதான். அந்தப் பையன்கள் உதவித்தொகையைப் பணயம் வைத்தார்கள். அணியில் யார் இருப்பது, யார் போவது என்பது பயிற்சியாளர் கையில். “பயிற்சிக்கு வராதவன் வீட்டுக்குப் போ” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எழுந்து நின்ற முப்பது பேரில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? அவரவர் வீட்டுக் கஷ்டம் அவரவருக்கு. பிங்கல் தன் கையில் இருந்ததைப் பையன்களுக்கு எதிராகப் பயன்படுத்தவில்லை, அவர்களுக்குக் குடையாகப் பிடித்தார். அதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமையே. அது எட்டு வருடம் கழித்து வந்திருந்தால் வெறும் நினைவலை. இந்தக் குடை எவ்வளவு தேவை என்பது டிசம்பரில் தெரிந்தது. ஆட மறுக்கிற வீரர்களின் உதவித்தொகையைப் பறிக்கும் மசோதாவை மிசௌரி சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்தார். எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த இரண்டு வருடத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோனார்கள். பழியை வழக்கம்போலப் போராடியவர்கள் தலையில் போட்டார்கள்.

அதே பருவத்தில்தான் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பேரை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். 2016 ஜனவரியில் அவர்கள் வெட்டவெளியில் கூடாரம் போட்டு, அதற்கு ‘வெலிவாடா’, அதாவது சேரி என்று பெயர் வைத்துக் குளிரில் படுத்தார்கள். ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலா இறந்தார். அதற்கு அடுத்த சில நாட்களில் பட்டியல் சாதி, பழங்குடி ஆசிரியர்கள் பலர் நிர்வாகப் பொறுப்புகளைத் துறந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அந்த வளாகத்தில் அவர்களே எவ்வளவு ஒண்டிக்கட்டையாக இருந்திருப்பார்கள் என்று தெரியும். ஆனால் அந்த முடிவு இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. மற்ற ஆசிரியர்களைப் பற்றி அந்த அளவுக்குக்கூட நினைக்கத் தோன்றவில்லை என்பதுதான் இன்னும் கசப்பு.

பி.டி. சார் கையிலும் ஒன்று இருந்தது. அணிப் பட்டியல். பதினைந்து பேரும் ஒரே பந்தியில் உட்காராவிட்டால் நாளைக்கு ஆட்டம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். போட்டி நடத்துகிறவர்கள் பதறிப்போயிருப்பார்கள். அந்த ஒரு ராத்திரிக்கு அவருக்கு அதிகாரம் இருந்தது. இப்போது மைதானமும் இல்லை, பட்டியலும் இல்லை. அவர் சொல்ல வந்ததைக் கேட்டுவிட்டு, “போகட்டும் சார், உடம்பைப் பாத்துக்கங்க” என்று அனுப்பியிருக்கலாம். பெரியவர்கள் சிலர் அதைத்தான் செய்யச் சொன்னார்கள். நோயாளியை நோகடிக்காதீர்கள் என்றார்கள்.

சுரங்கத்துத் தம்பி வேறு மாதிரி யோசித்தான். இந்த வருடமும் அதே மாதிரிப் போட்டிக்கு, அதே மாதிரி ஊர்களுக்கு அணி போகிறது. அவன் தம்பி அணியில் இருக்கிறான். தங்கும் இடத்திலும் சாப்பாட்டிலும் பாகுபாடு கூடாது, கல்லூரியே பொறுப்பேற்க வேண்டும் என்று பையன்கள் மனு எழுதியிருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 சமத்துவ விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். மனு அவருக்குத்தான் போகிறது. உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள், பல இடங்களில் அவருக்கே அது தெரியாது. இப்படி முன்பு நடந்ததே இல்லை என்று கல்லூரி சொல்லும். நடந்தது என்று எழுதிக் கொடுக்கக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார்.

தம்பியும் நாங்கள் இருவரும் சார் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் வெகுநேரம் பேசவில்லை. அவருடைய ஓய்வூதியக் கணக்கு இன்னும் முடியவில்லை, கோப்பு கல்லூரி அலுவலகத்தில்தான் கிடக்கிறது. டயாலிசிஸ் செலவு அதை நம்பித்தான். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். இதைக் கேட்க எங்களுக்கு என்ன உரிமை என்று அந்த நிமிடம் தோன்றியது. பிறகு தம்பியைப் பார்த்தோம். அவன் தலை குனிந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

“எழுதிட்டு வந்திருக்கியாடா?” என்றார் சார்.

ஒரு பக்கக் கடிதத்தை நீட்டினான். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். ஒரு வரியில் பேனா வைத்தார். “நான் அதைத் தடுக்கவில்லை” என்று நாங்கள் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், “நானும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டேன்” என்று சேர்த்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை. இரண்டு நாள் கொடு என்றார்.

வியாழன் அவருக்கு டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை போகிறோம்.