பெட்டியைத் திறக்குமுன்

மோட்டார் வண்டியின் என்ஜினைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு உலகத்தில் ஆள் பஞ்சம் இல்லை. நடுவழியில் நின்றுபோன வண்டியைச் சுற்றிக் கூடுகிற நாலு பேரில் மூன்று பேராவது பிளக்கைப் பற்றியோ பெட்ரோல் பம்பைப் பற்றியோ ஒரு சித்தாந்தம் வைத்திருப்பார்கள். ஆனால் கோளாறு தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் பெட்டியில்தான் என்று தெரிந்துவிட்டால், அதுவரை சளைக்காமல் வாதாடிக்கொண்டிருந்தவர்களும் சற்றுப் பின்வாங்கி, அதற்கென்று இருக்கிற மனிதரிடம் காட்டிவிடுவதே உசிதம் என்று ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். அப்படி ‘அதற்கென்று இருக்கிற’ ஒருவருடைய கராஜில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் சந்தர்ப்பம் ஷார்ஜாவில் எனக்கு வாய்த்தது.

ஷார்ஜாவின் தொழிற்பேட்டை எண்ணிட்ட பல பகுதிகளாகப் பரந்து கிடக்கிறது. அங்கே பிழைப்பவர்கள் அத்தனையையும் சேர்த்து ‘சனையா’ என்று சொல்லிவிடுகிறார்கள். பழைய வண்டிகளைப் பிரித்து, கதவு வேறு, அச்சு வேறு, கியர் பாக்ஸ் வேறு என்று அடுக்கி விற்கும் கடைகள் தெருத் தெருவாக நீள்கின்றன. அவற்றுக்கிடையே பட்டாணியர், மலையாளிகள், வங்காளிகள் ஆகியோரோடு ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து போன நம்மவர்களும் கலந்து, இந்தியும் அரபியும் மலையாளமும் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டிய ஒரு பாஷையில் காரியத்தை நடத்திக்கொண்டு போகிறார்கள். நான் பார்த்த கராஜின் மூத்த மெக்கானிக் பரமக்குடிப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். பையன்கள் ‘அண்ணே’ என்று கூப்பிடுவார்கள். வண்டியின் சொந்தக்காரர்களும் நாளடைவில் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள்.

அன்று வந்தது ஒரு பழைய லேண்ட் குரூசர். 1990-இல் வெளிவந்த எண்பதாம் வரிசையைச் சேர்ந்தது. நாலரை லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். கொண்டுவந்தவர் துபாயில் உத்தியோகம் பார்க்கும் நம்மூர் இளைஞர். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு அல் பதாயர் மணல் மேடுகளில் ஏறி இறங்குவதற்காகவே அதை வாங்கி வைத்திருக்கிறார். அவருடைய முறையீடு இது: காலையில் எடுத்தால் வண்டி ஒழுங்காக ஓடுகிறது, ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு, சிக்னலில் நின்று கிளம்பும்போது என்ஜின் முனகுகிறதே தவிர வண்டி நகர மறுக்கிறது, எப்படியோ வேகம் பிடித்துவிட்டால் பிறகு குறையில்லை, நிறுத்தி மறுபடி சாவியைத் திருப்பினால் சில சமயம் சரியாகிவிடுகிறது. சூடாக இருந்தாலும் ஆறியிருந்தாலும், ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது உதைக்கிறது. வேறொரு பட்டறையில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பெட்டி தீர்ந்துபோயிற்று, பழைய பெட்டி ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று சொல்லி விலையும் பேசிவிட்டார்களாம்.

பெரியவர் இதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, “சூடானாத்தான் வருதுங்கிறீங்க. உதைக்கிறது எப்பவும் இருக்கு. அப்ப ரெண்டு சீக்கா இருக்கும் தம்பி” என்றார். அவ்வளவுதான் அவருடைய பூர்வாங்கப் பிரசங்கம்.

முதலில் எண்ணெய். என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர்க் கைப்பிடியை ஒவ்வொரு நிலையிலும் கணநேரம் நிறுத்தி, மறுபடி பார்க்கிங் நிலைக்குக் கொண்டுவந்தார். பிறகு அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி உருவினார். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டு மூக்கருகே கொண்டுபோனார். சிவப்பு மங்கிப் பழுப்பேறியிருந்தது. ஆனால் கருகிய வாடை இல்லை. அந்த வாடை இருந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் தீய்ந்துவிட்டன என்று அர்த்தம்; அதற்குமேல் மற்ற பரீட்சைகளுக்குப் பெரிய பிரயோஜனம் இராது. இன்னொரு துர்ச்சகுனமும் உண்டு. இந்த வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய், ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அது உள்ளுக்குள்ளே அரித்து ஓட்டை விழுந்தால், ரேடியேட்டர் நீர் எண்ணெயில் கலந்து, குச்சியில் ரோஸ்மில்க் போல இளஞ்சிவப்பாக வரும். அந்த நீர், தகடுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சையே உரித்துவிடும்.

அடுத்து, நியூட்ரலிலிருந்து டிரைவுக்குத் தள்ளிவிட்டு, வண்டி லேசாகக் குலுங்கிக் கியர் பிடிப்பதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். முன்னே போகும் கியருக்கு 1.2 விநாடிக்குள்ளும் ரிவர்ஸுக்கு 1.5 விநாடிக்குள்ளும் பிடிக்க வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு. இவர் கடிகாரம் பார்க்கவில்லை. முதுகு சீட்டில் அழுந்தியிருக்கிற உணர்ச்சியைக் கொண்டே தீர்மானித்தார். பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரையும் முழுக்க மிதிக்கிற ‘ஸ்டால்’ பரீட்சை ஒன்று புத்தகத்தில் இருக்கிறது. ஐந்து விநாடிக்கு மேல் போகக்கூடாது என்று எச்சரிக்கையும் இருக்கிறது. பழைய வண்டிக்கு அது வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. நல்ல பெட்டியைக்கூட அந்த ஐந்து விநாடியில் நோயாளியாக்கிவிடலாம் என்றார்.

இந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1940-ஆம் வருஷ மாடல் ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் ஹைட்ரமாட்டிக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து இந்த யந்திரத்தில் எஜமானன் எண்ணெயின் அழுத்தமே. எந்தக் கிளட்சை இறுக்குவது, எதைத் தளர்த்துவது என்பதை வால்வ் பாடி என்கிற அலுமினியப் பாளத்தில் வெட்டியிருக்கும் வாய்க்கால்கள் வழியே அந்த அழுத்தம் நிறைவேற்றுகிறது. முற்காலத்தில் முடிவெடுக்கும் காரியத்தையும் எண்ணெயே பார்த்துக்கொண்டது. பின்னால் அது கணினியின் பொறுப்பாயிற்று. இந்த லேண்ட் குரூசரில் இருந்தது ஐசின் வார்னர் குடும்பத்துப் பெட்டி. ஜப்பானிய ஐசின் கம்பெனியும் அமெரிக்க போர்க் வார்னரும் கூட்டாக 1969-இல் தொடங்கிய ஸ்தாபனம் அது. 1987 முதல் 2001 வரை ஜீப் செரோக்கி வண்டிகளில் வந்த பெட்டிக்கும் இதற்கும் நெருங்கிய பந்துத்துவம் உண்டு. ஒன்றின் வியாதியை அறிந்தவருக்கு மற்றதின் வியாதியும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நாலு கியருக்கும் கணினியின் கையில் இருப்பவை, மின்சாரத்தால் எண்ணெயின் வழியைத் திறந்து மூடுகிற இரண்டே சொலினாய்டுகள். முதலாவதற்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் முதல் கியர். இரண்டுக்கும் கொடுத்தால் இரண்டாவது. இரண்டாவதற்கு மட்டும் கொடுத்தால் மூன்றாவது. எதற்குமே கொடுக்காவிட்டால் நாலாவது, அதாவது ஓவர் டிரைவ். இந்தச் சின்ன வாய்ப்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி மர்மம் கலைந்துவிடுகிறது.

பெரியவர் டாஷ்போர்டின் எதிரே உட்கார்ந்து கியர்க் கைப்பிடியிலுள்ள ஓவர் டிரைவ் பொத்தானை அழுத்தினார். ‘ஓ.டி. ஆஃப்’ என்ற விளக்கு எரிந்திருக்க வேண்டும், எரியவில்லை. மறுபடி அழுத்தினார், எரியவில்லை. அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு சுவாரசியம் தட்டியது. பையனை விட்டு மீட்டர் பலகையைக் கழற்றச் சொன்னார். பின்புறத்தில் அந்த விளக்குக்குரிய குழியில் பல்பே இல்லை! எப்போதோ எவரோ, ஓயாமல் கண்சிமிட்டுகிறதே என்று எரிச்சல்பட்டு, பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். கோளாறு சொல்வதற்கென்று வைக்கப்பட்ட ஒரே வாயை அடைத்துவிட்டு வண்டியை விற்ற அந்தப் புண்ணியவானை இளைஞர் சபிக்கத் தொடங்கினார். பெரியவரோ அதிகம் உபயோகப்படாத வேறொரு விளக்கிலிருந்து பல்பைக் கழற்றி இங்கே மாட்டினார்.

பிறகு என்ஜின் அறையின் ஓரத்தில் இருக்கிற சிறு கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து, டி.இ.1, இ.1 என்று குறியிட்ட இரண்டு துளைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு, என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினார். விளக்கு ஆறு முறை சிமிட்டி, கொஞ்சம் ஓய்ந்து, மேலும் இரண்டு முறை சிமிட்டியது. இதையே திரும்பத் திரும்பச் செய்தது. “அறுபத்திரண்டு. ஒண்ணாம் நம்பர் சொலினாய்டு” என்றார். அறுபத்துமூன்று என்றால் இரண்டாவது சொலினாய்டு. அறுபத்துநாலு என்றால், கியர் மாற்றத்தில் சேராத தனி லாக்-அப் சொலினாய்டு. அறுபத்தொன்றும் நாற்பத்திரண்டும் வேகத்தை அளக்கும் சென்ஸார்கள். முதல் சொலினாய்டு செயலற்றுப்போனால் கணினி இரண்டாவதை மட்டும் இயக்கி வண்டியை மூன்றாவது கியரில் கிளப்பும். சிக்னலில் வண்டி முனகியதன் ரகசியம் அதுதான்.

நானாயிருந்தால் இங்கேயே ஒரு புதுச் சொலினாய்டுக்கு ஆள் அனுப்பியிருப்பேன். அவர் அனுப்பவில்லை. கணினி சொல்வது மின்சாரம் ஓடவில்லை என்பதை மாத்திரமே. ஓடாததற்குக் காரணம் சொலினாய்டா, அதற்குப் போகிற ஒயரா என்று அது சொல்வதில்லை. ஆகவே சொலினாய்டு இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டார், நானும் ஏறிக்கொண்டேன். அந்த நிலையில் பெட்டி முழுவதும் கைப்பிடிக்கு அடிமை: ‘எல்’லில் வைத்தால் முதல் கியர், ‘2’இல் மூன்றாவது, ‘டி’யில் நாலாவது. மூன்றும் வழுக்காமல் பிடித்தன. தகடுகள், பற்சக்கரங்கள், பம்ப் எல்லாம் சௌக்கியம் என்பதற்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை. பெட்டி தீர்ந்துபோயிற்று என்று சொன்னவர்கள் இந்த ஒரு காரியத்தைச் செய்திருக்கலாம். ஆனால் பெட்டியை மாற்றினால் கிடைக்கிற வருமானமும் ஒயரைத் தேடினால் கிடைக்கிற வருமானமும் ஒன்றல்ல என்பதையும் மறந்துவிடுவதற்கில்லை.

வண்டியை லிஃப்டில் தூக்கி, பையன் மீட்டரின் முனைகளைப் பிடித்துக் காட்டினான். முதல் சொலினாய்டு பதின்மூன்று ஓம் காட்டியது. பதினொன்றிலிருந்து பதினைந்துக்குள் இருப்பது க்ஷேமம். சொலினாய்டு நல்லதுதான். கணினி முனையிலிருந்து அளந்தபோதும் அதே பதின்மூன்று. ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு மேலே, சைலன்ஸர் குழாய்க்கு அருகே வளைந்து போகிற ஒயர்க் கட்டைப் பெரியவர் இரண்டு விரலால் மெல்ல மடக்கியதும், மீட்டரில் எண் மறைந்து வெறும் கோடு வந்தது. விட்டால் எண், மடக்கினால் கோடு. மேலுறை இறுகிப் பொறுக்குத் தட்டியிருந்ததே தவிர எங்கும் கிழியவில்லை. அதைப் பிளேடால் கீறியபோது, உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, ஒன்றிரண்டு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. சூட்டில் உறை நெகிழ்ந்து கட்டு தொங்கும்போது அந்த ஒன்றிரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஒரு சாண் ஒயரை வெட்டி, புதியதைப் பற்றவைத்து, வெப்பம் தாங்கும் குழலுக்குள் செருகி, சைலன்ஸரிலிருந்து விலக்கிக் கட்டினான் பையன்.

பற்றவைத்த இடம் ஆறட்டும் என்று காத்திருந்த வேளையில் பக்கத்து மேஜையைப் பார்த்தேன். அங்கே ஒரு செரோக்கியின் பெட்டி உண்மையிலேயே திறக்கப்பட்டுக் கிடந்தது. இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன், வால்வ் பாடியின் இரண்டு பாதிகளையும் பிரித்து, வாய்க்கால்களில் இருந்த சிறு உருண்டைகளை, எடுத்த வரிசை மாறாமல் ஒரு தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். ஒன்று உருண்டு போனாலும் அது எந்தக் குழிக்குரியது என்று கண்டுபிடிப்பது மகா சிரமம். புதிய உராய்வுத் தகடுகள் ஒரு பேசினில் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. பதினைந்து நிமிஷமாவது ஊறாமல் மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே தீய்ந்துவிடும். அடித்தட்டிலிருந்த காந்தத்தைத் துடைத்து எனக்குக் காட்டினான். சாம்பல் நிறச் சேறு இருந்தால் பாதகமில்லை. இரும்புச் செதிள் ஒட்டியிருந்தால் பேரிங்கோ பற்சக்கரமோ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாத பித்தளைத் துகள் தட்டில் கிடந்தால் புஷ் தேய்கிறது. அவன் சொன்ன விதத்தில், கற்றுக்கொடுத்தவரின் குரல் அப்படியே இருந்தது.

இனி உதைக்கிற சீக்கு. கியர் எப்போது மாற வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறதே ஒழிய, எவ்வளவு அழுத்தத்தோடு கிளட்சைப் பிடிக்க வேண்டும் என்பது, இந்தப் பழைய பெட்டிகளில், ஆக்சிலரேட்டரோடு சேர்த்து இழுக்கப்படுகிற ஒரு மெல்லிய கேபிளின் வசம் இருக்கிறது. ஒரே காரியத்துக்கு இரண்டு அதிகாரிகள். ஒருவருக்கு மின்சாரம், மற்றவருக்கு எஃகுக் கம்பி. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கேபிளில் ஒரு சிறு மணி நசுக்கிப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போது அந்த மணிக்கும் ரப்பர் உறையின் விளிம்புக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்குமேல் இடைவெளி இருக்கக்கூடாது. தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து தகடுகள் வழுக்கித் தேய்கின்றன. அளவுக்குமேல் இழுத்திருந்தால் பெட்டி ஒவ்வொரு மாற்றத்துக்கும் உதைக்கிறது. பெரியவர் என்னைக் கூப்பிட்டு நட்டைக் காட்டினார்: நெடுங்காலத்து அழுக்குக்கு நடுவே அதன் மரைகள் பளிச்சென்று இருந்தன. வண்டி கிளம்ப மறுக்கிறது என்ற குறைக்கு யாரோ இந்தக் கேபிளை இறுக்கிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் குறை தீரவில்லை, புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

நட்டைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவந்து, ஃப்யூஸைக் கழற்றி மாட்டிப் பழைய குறியீட்டை அழித்துவிட்டு, நல்ல வெயிலில் நெடுந்தூரம் ஓட்டிவந்தார்கள். முதல் கியரில் கிளம்பியது, உதைக்கவில்லை, மாட்டிய விளக்கும் சிமிட்டவில்லை. புதிய லேண்ட் குரூசர்களில் இந்தக் கேபிளும் இல்லை, சாதாரண அளவுக் குச்சியும் இல்லை. ஸ்கேனரைச் செருகித்தான் பேச வேண்டும். பெரியவரிடமும் ஸ்கேனர் இருக்கிறது, அதை அவர் இகழ்வதுமில்லை. கையால் தொட்டுப் பார்ப்பதே மெய்யான வித்தை என்று பெருமூச்சு விடும் ரசிகர்கள் என்னைப் போன்ற ஸ்டூல்காரர்கள்தான்.

“அப்போ அவங்க ஏன் பெட்டி போச்சுன்னு சொன்னாங்கண்ணே?” என்று இளைஞர் கேட்டார்.

“அவங்க பார்த்தது அவங்களுக்கு” என்று அதோடு முடித்துவிட்டு, பெரியவர் பில் புத்தகத்தை எடுத்தார். மணலில் மெதுவாக ஏறும்போது, என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியே பெட்டிக்குக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி எண்ணெயைக் கொதிக்கவைக்கிறது. எண்ணெய் பழுப்பேறியது அதனால்தான். எண்ணெயை இப்போதே மாற்றிவிட வேண்டும், ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு ஆயில் கூலர் போடாமல் கோடையில் வண்டியைப் பதாயர் பக்கம் கொண்டுபோகக்கூடாது என்றார். கூலர் புதுசா பழசா, என்ன விலை என்று இளைஞர் கேட்டார். பக்கத்துத் தெருவில் பழசு கிடைக்கும், ஆனால் உள்ளே இருக்கும் அழுக்கு உங்கள் பெட்டிக்குள் வரும், புதுசே போடுங்கள் என்று பெரியவர் சொல்ல, பெட்டியே பிழைத்துக்கொண்ட தைரியத்தில் இளைஞர் விலையைப் பாதியிலிருந்து பேரம் பேச ஆரம்பித்தார்.