கடைசி நாளுக்கு ஒரு சிற்றூர்

விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் காணச் செல்வோர் பலரிடம் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். முதல் இரண்டு நாட்கள் ஆர்வத்தில் கழியும்; கடைசி நாள் அவசரத்தில் அழியும். பாராமல் விட்ட இடங்களின் பட்டியல் ஒரு கையில், கட்டி முடியாத மூட்டை மறு கையில். இரவு வண்டி ஏறும்போது கண்ணில் களைப்பு நிற்குமேயன்றி, மனத்தில் எதுவும் நிற்பதில்லை.

காரைக்குடிக்கு வருவோரும் இதற்கு விலக்கல்லர். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆயிரம் ஜன்னல் வீடு, கானாடுகாத்தான் அரண்மனை என்று சுற்றியபின், கடைசி நாளை முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செலவிடுவர். அங்கே தேக்குத் தூண்கள், செதுக்கிய நிலைகள், பீங்கான் சாடிகள், எனாமல் பாத்திரங்கள், பழைய படங்கள் எனக் குவிந்து கிடக்கும் அழகு கண்ணைப் பறிப்பது உண்மையே. ஆனால் அந்த நிலை ஒரு காலத்தில் எந்த வீட்டில் நின்றது? எத்தனை மணமக்கள் அதைக் கடந்து உள்ளே வந்தனர்? இவ்வினாவை எழுப்புவோர் சிலரே.

ஆகவே, பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு சென்றிருந்த நாம், கடைசி நாட் காலையைக் கடைத்தெருவுக்குக் கொடாமல், காரைக்குடிக்கு மேற்கே, திருப்பத்தூர் வட்டத்திலுள்ள கண்டரமாணிக்கத்துக்குக் கொடுத்தோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் வாழும் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களுள் இதுவும் ஒன்று. இங்கே நுழைவுச்சீட்டு இல்லை, வழிகாட்டிகளும் இல்லை. நேரான தெருக்களும், நெடிய மதில்களும், பூட்டிய கதவுகளுமே வரவேற்கின்றன.

வீட்டுக் காவலுக்கு இருந்த முதியவர் ஒருவர் மனமிரங்கிக் கதவைத் திறந்தார். திண்ணையையும் முகப்பையும் கடந்தால் வானம் பார்த்த வளவு. அதைச் சுற்றித் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். மணமான ஆண்மக்களுக்கு ஆளுக்கோர் அறை. மணமான சில காலத்தில் மகனுக்குத் தனி அடுப்பும் தனிக் கணக்கும் ஏற்படுத்தித் தருவதை ‘வேறு வைத்தல்’ என்பர். அடுப்பு வேறு, கூரை ஒன்று! நம் குடும்பங்கள் நின்று சிந்திக்கத்தக்க ஏற்பாடு அன்றோ இது? சுவரைத் தொட்டுப் பார்த்தோம், பளிங்குபோல் வழுவழுத்தது. சுண்ணாம்பும் கடுக்காயும் பனைவெல்லமும் முட்டையின் வெண்கருவும் சேர்ந்து செய்த பூச்சின் வேலை அது.

இம்மாளிகைகளை எழுப்பியது கடல் கடந்த வாணிகம். பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்த பணம், தேக்காகவும் பளிங்காகவும் இங்கே வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர்; 1960-களில் அந்நாட்டு அரசு வங்கிகளையும் வாணிகத்தையும் நாட்டுடைமையாக்கியது. வருவாய் வற்றிற்று, பிள்ளைகள் சென்னைக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றனர். வீட்டின் பங்குகள் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை பெருகின.

“மேல ஓடு மாத்தணும் சாமி. பதினெட்டுப் பங்கு. எல்லாரும் ஒண்ணாச் சரின்னு சொல்லணுமே,” என்றார் அம்முதியவர். ஒழுகும் கூரைக்கு உடன்பாடு கிட்டாதபோது, பிரித்து விற்பதற்கு மட்டும் உடன்பாடு கிட்டிவிடுகிறது. தூண் கடைக்குப் போகிறது, வீடு மண்மேடாகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும், பங்காளிகளின் ஒற்றுமையைப் பட்டியல் எதுவும் தந்துவிட இயலாது.

அப்படியாயின் வெறுங்கையோடு திரும்புவதா? வேண்டியதில்லை. பிற்பகலில் ஆத்தங்குடிக்குச் செல்லுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்துத் தரைக்கற்கள் செய்வதை நேரில் காணலாம். பனையோலையில் முடையும் கொட்டான் 2013-இலும், காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019-இலும் புவிசார் குறியீடு பெற்றவை. இவற்றுக்குக் கொடுக்கும் பணம் எந்த வீட்டையும் இடிப்பதில்லை. உழைக்கும் கைகளுக்கே போய்ச் சேர்கிறது.

அன்பர்களே, கடைசி நாளில் ஐந்து இடங்களுக்கு ஓடாதீர்கள். ஓர் ஊரைத் தேர்ந்து, அங்கே மெல்ல நடங்கள். உங்கள் பிள்ளைகளை அந்த வளவில் சற்று நேரம் அமரச் செய்யுங்கள். நம் பாட்டன் வீடு எங்கே, அதில் யார் யாருக்குப் பங்கு, அவர்களோடு நாம் பேசி எத்தனை நாளாயிற்று என்று அவர்கள் கேட்கத் தொடங்கினால், மறுமொழி சொல்ல இரவு வண்டியின் பயண நேரம் போதாமற் போகலாம்.